பதினேழு ஜெபமாலைத் தூரம்

சவரிராயன் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் விமானத்தில் ஏறியதில்லை. மீனம்பாக்கத்தை அவர் கண்டதுமில்லை. ஆயினும் எங்கள் சிற்றூரிலிருந்து பிரான்சுக்குப் பறந்த எவரும், வானில் எத்தனை மணி நேரம் இருக்கப்போகிறோம் என்பதை அவரிடம் கேட்டறியாமல் புறப்பட்டதில்லை.

அவருக்கு வாய்த்தது வாய்க்கால் வேலை. சுத்துக்கேணியிலிருந்து ஊசுடு ஏரிக்கு வரும் வாய்க்காலில் அவர் லஸ்கர். மதகுகளைத் திறப்பதும் அடைப்பதும், கரையைக் காப்பதும், எந்த வயலுக்கு எந்த நேரத்தில் நீர் வந்து சேரும் என்று முன்கூட்டியே சொல்வதும் அவர் கடமைகள். கடைசியாகச் சொன்னதில்தான் அவருடைய பெருமை அடங்கியிருந்தது.

"தலைமதகு தொறந்தது ஆறு மணி. எட்டேகாலுக்கு இங்க நுரை வரும், பாரு" என்பார். எட்டேகாலுக்கு நுரை வரும். ஐந்து நிமிடம் தாமதித்தால் குடியானவர்கள் தங்கள் கைக்கடிகாரத்தைத்தான் தட்டிப் பார்ப்பார்கள். தொலைவு, சரிவு, நேரம் ஆகிய மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானே கரையேறி வந்து நிற்கும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கையை அவர் வானத்துக்கும் நீட்டியது ஒரு பொதுத் தேவையின் பொருட்டேயாகும்.

எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்கள் சொல்தா குடும்பங்கள். அதாவது, பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவர்களின் குடும்பங்கள். பிள்ளைகள் தலையெடுத்ததும் பிரான்சுக்குச் செல்வார்கள். முற்காலத்தில் கப்பலில் சென்றார்கள். கப்பலுக்கு நாளொன்றுக்கு ஒரு ஜெபமாலை போதும் என்பது மாதா சபைப் பெண்களின் தீர்மானம். கப்பல் தண்ணீரின்மேல் தானாகவே மிதக்கும். விமானம் அப்படிப்பட்டதன்று. அதன் அடியில் ஒன்றுமில்லை. 1964ஆம் ஆண்டு எங்கள் ஊரின் முதல் விமானப் பயணி புறப்பட்டபோது, சபைத் தலைவியான எலிசா அம்மாள் இச்சிக்கலை ஒரே மூச்சில் தீர்த்துவைத்தார்.

"யாராச்சும் புடிச்சிகினே இருக்கணும். வுட்டா வுழுந்துடும்."

அன்றுமுதல், விமானம் தரையை விட்டு எழும் நொடியிலிருந்து தரையைத் தொடும் நொடிவரை ஆலயத்தில் ஜெபமாலை இடையறாது நடைபெறுவது வழக்கமாயிற்று. விமானம் இறங்கியபின் பயணியின் வீட்டார் சபைப் பெண்களுக்கு வரக்காப்பியும் பன்னும் கொடுப்பார்கள். இறங்குவதற்குமுன் காப்பி கொடுத்தல் ஆகாது.

ஒரு ஜெபமாலைக்கு இருபது நிமிடம். எனவே பறக்கும் நேரம் துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். பயணச்சீட்டோடு பெண்கள் சவரிராயனிடம் சென்றார்கள்; தொலைவை அறிய அவர் என்னிடம் வந்தார். நான் அப்போது பங்குப் பள்ளியில் தமிழாசிரியை. என் வகுப்பறையில் உலகப்படம் ஒன்று தொங்கியது. அவர் பம்பாயின்மீது நூலின் ஒரு முனையை விரலால் அழுத்திக்கொண்டார். நான் மறுமுனையைப் பாரிஸ்வரை இழுத்தேன். படத்தின் அடியிலிருந்த அளவுகோட்டில் வைத்துப் பார்த்தபோது ஏழாயிரம் கிலோமீட்டர் வந்தது. பம்பாயில் புறப்பாடு அதிகாலை இரண்டு மணி, பாரிஸில் வருகை காலை ஏழரை மணி என்றது சீட்டு. ஐந்தரை மணி நேரம். மணிக்கு ஆயிரத்து இருநூற்றெழுபது கிலோமீட்டர். பதினாறரை ஜெபமாலை ஆகும். அரை ஜெபமாலை சொல்லும் முறை திருச்சபையில் இல்லாமையால் பதினேழு என்று முடிவாயிற்று. சென்னையிலிருந்து பம்பாய்க்குப் போகும் சிறு பயணத்துக்கு ஆறு. அதில் எவருக்கும் ஐயம் எழவில்லை.

அந்த முதல் பயணி விடுமுறைக்குத் திரும்பி வந்தபோதுதான் ஐயம் எழுந்தது. பாரிஸில் பகல் பதினொரு மணிக்குப் புறப்பாடு. பம்பாயில் இரவு பன்னிரண்டரைக்கு வருகை. பதின்மூன்றரை மணி நேரம்! மீண்டும் நூலை இழுத்தோம். அதே ஏழாயிரம். மணிக்கு ஐந்நூற்றிருபதுகூடத் தேறவில்லை. நான் திகைத்து நின்றேன். அவர் சிரித்தார்.

"இதுல இன்னா டீச்சர் கீது? போறது பள்ளம், வர்றது மேடு. பிரான்சு தாழ்வுல இருக்குது."

நான் படத்தைச் சுட்டிக் காட்டினேன். படத்தில் பாரிஸ் பம்பாய்க்கு மேலே இருந்தது. அவர் நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"படத்த தலகீழா மாட்டிக்கீறாங்க" என்றார். அதைத் திருப்பி மாட்டுமாறு மிகுந்த பணிவோடு கேட்டுக்கொண்டார். நான் மறுத்துவிட்டேன். ஆனால் அவருடைய விடையை மறுக்க என்னிடம் வேறு விடை இல்லை என்பதையும் ஒளிவின்றிச் சொல்லிவிட வேண்டும்.

இவ்வாறு போவதற்குப் பதினேழு, வருவதற்கு நாற்பத்தொன்று என்ற விகிதத்தில் பத்தாண்டுகள் நடந்தன. பதினொருவர் பறந்து சென்றனர்; பதினொருவரும் பத்திரமாக இறங்கினர். எலிசா அம்மாளின் ஒரே மகன் செபாஸ்டினும் அவர்களுள் ஒருவன். கணக்குச் சரி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வரவுக்கு நாற்பத்தொன்று சொல்லித் தொண்டை கட்டிய பெண்கள்தாம், பிரான்சிலுள்ள பிள்ளைகள் அடிக்கடி ஊருக்கு வருவதை அவ்வளவாக விரும்பாமல் போனார்கள்.

1974ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் சவரிராயனின் வீட்டுக்கே பயணச்சீட்டு வந்தது. அவருடைய ஒரே மகள் செலின் மேரி, பிரான்சிலிருந்த கணவனிடம் செல்லவிருந்தாள். சீட்டைப் பார்த்தார், அதே இரண்டு மணி, அதே ஏழரை மணி. பதினேழு என்று சபைக்குச் சொல்லியனுப்பினார். மகள் பறக்கும் நாளில் ஒரு நொடியும் பிசகக்கூடாது என்பதற்காகத் தம் சட்டைப்பைக் கடிகாரத்தைத் துடைத்து நேரம் வைத்து வாங்கி வர, வில்லியனூர்க் கடைத்தெருவில் இருந்த நிஜாமுதீனின் கடிகாரக் கடைக்குச் சென்றார். அங்கே சுவரில் எல்லாக் கடிகாரங்களும் பதினொரு மணி காட்டின; ஒன்று மட்டும் ஆறரை காட்டியது.

"இன்னா பாய், இது நாலரை மணி ஸ்லோவா ஓடுது. நீயெல்லாம் ரிப்பேர் பண்றவனா?"

"ஸ்லோ இல்லண்ணே. அது எங்க அக்கா வூட்டு மணி."

"உங்க அக்கா வூட்டுக்கு மட்டும் இன்னா தனி மணி?"

"ஜொஹரா அக்கா பாரிஸ்ல கீது இல்ல? அங்க இப்ப காலைல ஆறரைதான். இன்னும் விடியவே இல்ல."

"பதினோரு மணி வரைக்கும் விடியாத ஊருக்கு எம்பொண்ண நான் ஏன்யா அனுப்பணும்?"

நிஜாமுதீன் கண்ணில் செருகியிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக் கீழே வைத்தார். "சூரியன் மொதல்ல நம்மகிட்ட வருதுண்ணே. நம்மள முடிச்சிட்டுத்தான் அங்க போவுது. அவ்ளோதான்."

இதை ஒரு கல்லூரிப் பேராசிரியர் கூறியிருந்தால் சவரிராயன் வாதாடியிருப்பார். ஆனால் 'முதலில் நம்மிடம், பிறகு அங்கே' என்பது அவர் நாள்தோறும் கண்ணால் காணும் காட்சி.

"அப்ப நாம தலைமடை" என்றார் மெல்ல. "அவங்க கடைமடை. வெளிச்சம் நாலரை மணி கழிச்சி அங்க பாயுது."

"அதேதாண்ணே! எவ்ளோ கரெக்டா சொல்லிட்ட."

அவர் முக்காலியில் அமர்ந்து விரல்களை மடக்கினார். அங்கே ஏழரை என்றால் இங்கே நண்பகல் பன்னிரண்டு. அதிகாலை இரண்டிலிருந்து பன்னிரண்டுவரை பத்து மணி நேரம். முப்பது ஜெபமாலை. பத்தாண்டுகளாகப் பதினேழாவது ஜெபமாலையை முடித்து, சிலுவை அடையாளம் வரைந்து, பன்னைக் காப்பியில் நனைத்த அந்த நேரத்தில் விமானத்துக்கு இன்னும் மூவாயிரம் கிலோமீட்டர் மீதமிருந்திருக்கிறது! திரும்பி வரும்போதோ, பாரிஸில் தரையில் நின்றுகொண்டிருந்த விமானத்தை நாலரை மணி நேரம் வீணாகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"பதினோரு பேரும் வுழலியேண்ணே?" என்று நிஜாமுதீன் ஆறுதல் கூறினார்.

"அது அவங்க நேரம் பாய். எம்பொண்ணுக்கு அந்த நேரம் இருக்குதோ இல்லியோ, எவன் கண்டான்?"

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், ஆலயத்தின் பின்புறம் மாதா சபைப் பெண்கள் முன்னிலையில் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பதினேழு பத்தாது. முப்பது சொல்லணும்."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"ஏம்பா, எங்க பசங்க போனப்ப பதினேழு. உம்பொண்ணு போறப்ப முப்பதா?"

"இன்னா, செலின் அவ்ளோ கனமா?"

"லஸ்கர் வூட்டுப் பொண்ணுன்னா ஏரோப்ளேன் நின்னு நின்னு போவுமா?"

எலிசா அம்மாள் கையை உயர்த்தியதும் சத்தம் அடங்கியது. "சவரி, நீ சொன்ன கணக்குதான்டா இது. எம்புள்ள செபாஸ்டினுக்குப் பதினேழு போதும்னு நீதான சொன்ன? அவனுக்குப் பத்தலியா அப்ப?"

சவரிராயன் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்வதற்கு இரண்டு தடைகள் இருந்தன. விமானக் கணக்கில் தவறியவர் தண்ணீர்க் கணக்கிலும் தவறுவார் என்று குடியானவர்கள் சொல்வார்கள், அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மகனை யாரும் பிடிக்காமல் நாலரை மணி நேரம் அந்தரத்தில் விட்டிருந்தோம் என்பதைப் பெற்றவளின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

"பத்தும்க்கா. பதினேழே போதும்."

மீதிப் பதின்மூன்றைத் தாமே தனியாகச் சொல்லிவிடுவது என்று அவர் அப்போதே முடிவு செய்துவிட்டார். ஆனால் அந்த நாள் ஆற்றில் புதுவெள்ளம் வந்து, தலைமதகு திறக்கப்படும் நாளாகவும் அமைந்துவிட்டது.

அவருடைய மனைவி அந்தோணி மேரி, மகளை வழியனுப்ப முதல் நாளே சென்னைக்குப் போயிருந்தார். விடியுமுன் தொடங்கிய ஜெபமாலை, ஏழே நாற்பதுக்குப் பதினேழை எட்டி நிறைவுற்றது. நாங்கள் எழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, காப்பிக்காகச் சவரிராயனின் வீட்டுக்குச் சென்றோம். வீடு பூட்டிக் கிடந்தது. சாவியோடு மனிதரும் போய்விட்டார். எட்டு மணி ஆயிற்று, எட்டரையும் ஆயிற்று. தம் மகள் பத்திரமாக இறங்கிய நாளில் வரக்காப்பி கொடுக்காத தகப்பனை எங்கள் பங்கு அதுவரை கண்டதில்லை. எலிசா அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். துணைக்கு என்னை அழைத்தார். வாய்க்கால் கரையில் நடந்தோம்.

மதகு மேடையில், பலகையை உயர்த்தும் இரும்புச் சக்கரத்தின் அருகே, சவரிராயன் கண்களை மூடி முழந்தாளிட்டிருந்தார். கையில் ஜெபமாலை. எட்டேகாலுக்கே வந்துவிட்ட நீர், மூடிய பலகையில் மோதித் தளும்பிக் கரையை நக்கிக்கொண்டிருந்தது. அக்கரையில் கடைமடைக் குடியானவர் உலகநாதன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"எலிசாம்மா, நீங்களாச்சும் கேளுங்க! தண்ணி வந்து முக்கா மணி ஆவுது. மனுசன் கண்ணையே தொறக்க மாட்டேங்கறாரு. சாமி கும்புடறவர எப்படித் தொட்டு எழுப்பறது? சரி, நானே சுத்தறேன்னாலும் வேணாம்னு தலையாட்டறாரு."

சர்க்கார் மதகைப் பிறர் தொடுதல் விதிக்கு மாறானது. சக்கரத்தைச் சுழற்றுவதற்கு இரண்டு கைகள் வேண்டும். ஜெபமாலைக்கோ ஒரு கை வேண்டும்.

"சவரி! சாவியக் குடுடா. தொண்ட காஞ்சு கெடக்குது" என்றார் எலிசா அம்மாள்.

அவர் கண்ணைத் திறவாமல் ஒரு விரலை உயர்த்தினார். உதடுகள் அசைந்தவண்ணம் இருந்தன.

"ஏழரைக்கே எறங்கிடுச்சே. இன்னும் இன்னாத்தடா புடிச்சிகினு கீற?"

"அருள் நிறைந்த மரியே வாழ்க... இன்னும் எறங்கலக்கா... கர்த்தர் உம்முடனே... பன்னெண்டுக்குத்தான் எறங்கும்... பெண்களுக்குள்..."

"இன்னாடா ஒளர்ற?"

ஜெபமாலை மணிகளுக்கு இடையிலிருந்த அந்தச் சிறு இடைவெளிகளில், உருட்டும் விரல் நிற்காமல், அவர் எல்லாவற்றையும் சொன்னார். தலைமடை, கடைமடை, நிஜாமுதீனின் அக்காள் வீட்டு மணி, மூவாயிரம் கிலோமீட்டர் என எல்லாமே ஆண்டவரின் திருப்பெயர்களோடு கலந்து வெளிவந்தன. ஆமென் என்று முடித்தபோது எலிசா அம்மாளின் முகத்தில் சாவியும் இல்லை, காப்பியும் இல்லை.

"அப்ப எம்புள்ள?"

விரல் நின்றது. சவரிராயன் கண்ணைத் திறந்தார்.

"நாலரை மணி நேரம்க்கா."

"ஒருத்தரும் புடிக்கல?"

"ஒருத்தரும் புடிக்கல."

எலிசா அம்மாள் வானத்தைப் பார்த்தார். செபாஸ்டின் பறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் பார்த்த பார்வையில் அவன் இன்னும் அங்கேதான் இருந்தான். நீர் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"ஒம்பதாம் மாசமே நடந்தவன் அவன்" என்றார் எலிசா அம்மாள் இறுதியில். "செவுத்தையும் புடிக்கல, என் கையையும் புடிக்கல. கொல்லக்கதவு வரைக்கும் தானா போய் நின்னுகினு என்னப் பாத்து சிரிச்சான். அவன் போவான்டா. அவனுக்கு ஆள் வேணாம்."

அப்படிச் சொல்லியவர் சட்டென்று சீறினார். "உம்பொண்ணு அப்படியாடா? ஒண்ணர வயசு வரைக்கும் தவழ்ந்துகினு இருந்தவ! இன்னாத்துக்கு நிறுத்திட்ட? எந்த மணில இருந்த?"

"தெரிலக்கா, எண்ணிக்க வுட்டுப் போச்சி..."

"மாலையக் குடு இப்படி. நீ போயி ஒன் தண்ணியத் தொற."

அவர் சக்கரத்தில் கைவைத்தபோது மணி ஒன்பதேகால். எலிசா அம்மாள் மேடையில் முழந்தாளிட்டு உரத்த குரலில் தொடங்கினார். நான் ஊருக்கு விரைந்து மற்றப் பெண்களை அழைத்து வந்தேன். வரும் வழியெல்லாம் முணுமுணுத்தவர்கள், கரையில் எலிசா அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் ஒருவர்பின் ஒருவராக அமர்ந்தார்கள். இருபுறமும் பெண்கள் ஜெபிக்க, நடுவில் புதுவெள்ளம் ஓடியது. பயந்துபோன உலகநாதனும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். மழைக்கான வழிபாடு என்று நினைத்துக்கொண்டாராம்.

ஆலயத்தில் நண்பகல் மணி அடித்தது. எலிசா அம்மாள் அந்த ஆமெனை நீட்டி முடித்து, மாலையை முத்தமிட்டு, "எறங்கிட்டா" என்றார். சவரிராயன் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தார்.

அன்று ஊசுடு ஏரிக்கு நீர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தது. அவருடைய பணிக்காலத்தில் அப்படி நிகழ்ந்தது அந்த ஒருமுறைதான். "இன்னா லஸ்கரே, தண்ணியும் பாரிஸ் மணிக்கு வருதா?" என்று உலகநாதன் பல மாதங்கள்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று வாரங்கள் கழித்துச் செலின் மேரியின் கடிதம் வந்தது; நான்தான் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். இரவு முடியாமல் நீண்டுகொண்டே சென்றதாகவும், அக்கம்பக்கத்தார் அனைவரும் உறங்கியதாகவும், விமானம் ஒரேயொரு முறைதான் தூக்கிப் போட்டதாகவும் எழுதியிருந்தாள். ஊர் மணியை மாற்றாமல் வைத்திருந்த தன் கைக்கடிகாரத்தில் அப்போது ஒன்பதேகால்கூட ஆகியிருக்கவில்லை என்றும், நல்லவேளையாக உடனே சரியாகிவிட்டது என்றும் இருந்தது. அவ்வரியை நான் இரண்டாம் முறையும் படிக்க வேண்டியதாயிற்று. எலிசா அம்மாள் சவரிராயனைப் பார்த்தார்; சவரிராயன் தம் கால்விரல்களைப் பார்த்தார். அதற்குப்பின் எங்கள் ஊரில், ஜெபமாலை நடக்கும்போது யாரும் யாரிடமும் சாவி கேட்டதில்லை.

போவதற்கு முப்பது என்பது நிலைபெற்றது. வருவதற்கு எத்தனை என்று கணக்கிடும் தேவை, 1977ஆம் ஆண்டு தை மாதம் செலின் மேரி குழந்தையோடு வந்தபோதுதான் ஏற்பட்டது. பாரிஸில் பதினொன்று என்றால் இங்கே மூன்றரை, மூன்றரையிலிருந்து பன்னிரண்டரை. ஒன்பது மணி நேரம். இருபத்தேழு ஜெபமாலை. நாற்பத்தொன்று இருபத்தேழாகக் குறைந்ததில் பெண்கள் மகிழ்ந்து, இனிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் வரட்டும் என்றனர். சவரிராயன் மட்டும் மகிழவில்லை. பேரக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நேராக என் வகுப்பறைக்கு வந்தார்.

"டீச்சர், போறது பத்து. வர்றது ஒம்பது. கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை என்றேன்.

"அப்ப போறதுதான் மேடு. ரொம்ப இல்ல. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு மணி நேர மேடு. நம்ம வாய்க்காலவிட சமதரை." உலகப்படத்தை அண்ணாந்து பார்த்தார். பாரிஸ் வழக்கம்போல் மேலே இருந்தது. தோளிலிருந்த குழந்தையும் சேர்ந்து பார்த்தது.

"படத்த சரியாத்தான் மாட்டிக்கீறாங்க" என்றார்.

நான் அவருக்கு நன்றி கூறினேன்.